பட்டாணி மருந்து குடிச்சவதான்

"அந்தம்மா பொய் சொல்லுதும்மா. உங்களுக்கு மனசு இளகின மனசு, அதான் நம்பறீங்க."

"எதை வெச்சு சார் பொய்னு சொல்றீங்க? மாத்திரை எண்ணிக்கை சரியா இருக்கே. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அதனாலதான் சொல்றேன். எந்த வீட்டுல குழந்தைக்கு ஒரு வேளைகூட விடாம மருந்து போகுது? மிச்சத்த சாக்கடைல கொட்டிட்டு காலி டப்பாவ கொண்டு வந்து நீட்டறாங்க. எத்தன பேர பாத்திருக்கேன் நான்."

"கொட்டினத பாத்தீங்களா?"

"நான் ஏன் பாக்கணும்? அதான் ரத்தத்துல தெரியுதே."

இந்தப் பேச்செல்லாம் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், டாக்டருக்கும், மருந்து பத்தி எடுத்துச் சொல்ற கவுன்சிலரம்மாவுக்கும் நடுவுல. தடுப்பு கூரை வரைக்கும் போகாது, ஆள் உயரத்தோட நின்னுடும். இந்தப் பக்கம் பெஞ்சுல உக்காந்திருந்த பெரியம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாம கேட்டுது. அவங்க மட்டுமா, பெஞ்சுல வரிசையா உக்காந்திருந்த அத்தன பேருக்கும் கேட்டுது. எல்லாரும் கேக்காத மாதிரி தரையப் பாத்தாங்க. பெரியம்மா மடியில தல வெச்சிருந்த பட்டாணியோட காத பொத்தினாங்க. அவ கைய தட்டி விட்டுட்டு, "எனக்கு வேர்க்குது பெரியம்மா"ன்னா.

பட்டாணின்னா அவ பேரு இல்ல. பொறந்தப்ப கைக்குள்ள அடங்கற மாதிரி இருந்தா, பெரியப்பா அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சார், நிலைச்சுப் போச்சு. இப்ப ஒம்பது வயசு. பாத்தா ஆறு வயசுதான் சொல்லுவாங்க. அவ அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து போயிட்டாங்க. ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. வயித்துல இருக்கும்போதே இவளுக்கும் வந்துடுச்சு. அம்மாவோட கூடப் பொறந்த அக்காதான் இந்தப் பெரியம்மா. தங்கச்சிய தூக்கிட்டுப் போன அன்னிக்கே, வேற யாரும் கை நீட்டறதுக்கு முன்னாடி, இவங்க குழந்தைய தூக்கி இடுப்புல வெச்சுகிட்டாங்க. உண்மையச் சொன்னா வேற யாரும் கை நீட்டவும் இல்ல.

அந்த ஆஸ்பத்திரில மத்த எல்லா அறைக்கும் வாசல்ல பேர் இருக்கும், இந்த நோய் பாக்கற அறைக்கு நம்பர்தான். ரகசியமாம். ஆனா அந்த நம்பரு என்னன்னு வாசல்ல நிக்கற ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும். அறைக்குப் போற வழியில குப்பைய வெச்சிருப்பாங்க. ரத்தத் துணி, ஊசி, மஞ்சப் பை. மேல பினாயில ஊத்தி வெச்சிருப்பாங்க. நாத்தம் போகாது, நாத்தத்தோட பினாயிலும் சேந்து குமட்டும். பெரியம்மா ஒவ்வொரு மாசமும் மூச்ச அடக்கிகிட்டு அந்த இடத்த தாண்டுவாங்க. 

விஷயம் என்னன்னா, பட்டாணிக்கு மருந்து வேலை செய்யல.

இந்த நோய்க்கு மருந்து சாப்பிட்டா போதாது. சாப்பிடற மருந்து உள்ள போய் வேலை செய்யுதான்னு ரத்தம் எடுத்துப் பாத்துகிட்டே இருக்கணும். கிருமி அடங்கி இருந்தா நல்லது. எண்ணிக்கை ஏறினா மருந்து தோத்துப் போச்சுன்னு அர்த்தம். பட்டாணிக்கு மொதல்ல குடுத்தது சின்ன மாத்திரை, தண்ணில போட்டா கரையும். அது அவளுக்கு நாலஞ்சு வயசுல தோத்துச்சு. அப்புறம் இந்த பெரிய மஞ்ச மாத்திரை. இப்ப இதுவும் தோக்குது. இதுக்கு மேல ஒரே ஒரு படிதான் இருக்கு. அந்த மருந்து இங்க கெடையாது, தலைமை ஆபீஸ்ல ஒரு கமிட்டி பாத்து அனுமதி குடுத்தாதான் வரும். அந்தக் கமிட்டி மொதல்ல கேக்கறதே, பழைய மருந்த ஒழுங்கா குடுத்தீங்களான்னுதான்.

டாக்டர் ஒரே முடிவுல இருந்தார். வீட்டுல குடுக்கல. அதனால புள்ளைய ஊருக்கு வெளிய இருக்கற விடுதில சேத்துடணும், அங்க கண்ணு முன்னாடி முழுங்க வெப்பாங்க. போன மாசம் அதச் சொன்னதுல இருந்து பெரியம்மாவுக்கு சோறு எறங்கல.

இதுல வயிறு எரியற விஷயம் வேற. போன தடவ எடுத்த ரத்தம் வழியிலயே உறைஞ்சு போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. அத ஒருத்தரும் சொல்லல. ரிசல்ட் கேக்கப் போனப்ப, "அப்பவே கெட்டுப் போச்சே, திரும்ப குடுங்க"ன்னு சாதாரணமா சொன்னாங்க. திரும்ப ஊசி. அந்த ரிசல்ட்டும் வந்து யாரோ லீவுல போனவர் மேஜைக்குள்ள கெடந்துது. அதுக்குள்ள புள்ளைக்கு வாயெல்லாம் புண்ணு, காதுல சீழ், தோள்பட்டை எலும்பு துருத்திகிட்டு தெரியுது. ஒவ்வொரு தடவையும் எடை பாத்து, "சத்தா குடுங்கம்மா"ன்னு அனுப்பினாங்க. இப்ப வந்து நீ குடுக்கலன்னு இவங்க தலையில கட்டப் பாக்கறாங்க.

குடுக்கலயா? பெரியம்மா குடுக்கறத நீங்க பாத்திருக்கணும்.

வீட்டுல கூட நாத்தனார் இருக்காங்க. அவங்களுக்கு விஷயம் தெரியாது, தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி. அதனால அவங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி பெரியம்மா அடுப்படில கதவ சாத்திகிட்டு, ஒரு காகிதத்துக்கு நடுவுல மாத்திரைய வெச்சு, எவர்சில்வர் டம்ளரோட அடிப்பக்கத்தால அழுத்தி அழுத்தித் தேய்ப்பாங்க. மாவா ஆகற வரைக்கும். அந்த மஞ்ச மாத்திரை பெருசு, பட்டாணி தொண்டைக்கு எறங்காது, மொத தடவ வெச்சப்பவே கண்ணு பிதுங்கி வாந்தி எடுத்துட்டா. அதனால பொடியாக்கி, சக்கரை போட்டு, கொஞ்சம் தண்ணி விட்டுக் குடுப்பாங்க. பழைய மாத்திரையையும் கரைச்சுத்தானே குடுத்தோம்னு பழக்கம். நாத்தனார் கேட்டா ரத்த சோகைக்குப் பொடி. ராத்திரி வேளைக்கும் இதே கூத்து.

என்ன சக்கரை போட்டாலும் அது கசக்கும். சாதாரணக் கசப்பு இல்ல, நாக்குல ஒட்டிகிட்டு மறுநாள் வரைக்கும் போகாத கசப்பு. பெரியம்மா ஒரு தடவ விரல் நுனியால தொட்டு நக்கிப் பாத்துட்டு, வாயக் கழுவி, கொப்பளிச்சு, அப்பவும் போகாம அன்னிக்கு முழுக்க எதைத் தின்னாலும் அந்த ருசிதான். அத இந்தப் புள்ள ரெண்டு வேளையும் மூக்கப் புடிச்சுகிட்டு குடிக்கறா. சில நாள் வாந்தி வந்துடும். தரையத் தொடச்சுட்டு, வாந்திக்குன்னு ஆஸ்பத்திரில கணக்கோட சேத்துக் குடுத்த மாத்திரைல ஒண்ண எடுத்து பெரியம்மா திரும்ப நுணுக்குவாங்க. பட்டாணி அழுதுகிட்டே திரும்ப வாயத் தொறப்பா. மிட்டாய் காகிதத்த நக்கற மாதிரி, காகிதத்துல ஒட்டியிருக்கற தூளைக்கூட நாக்கால எடுக்கப் பழகிட்டா. ஒரு துளி வீணாகக் கூடாதுன்னு பெரியம்மா சொல்லி வெச்சது.

அந்த நாத்தனார் ஒரு நாள், "இவ குடிக்கற பொடிக்கு இந்நேரம் நாலு மூட்டை தூக்கணுமே அண்ணி, இன்னும் குச்சி மாதிரி இருக்காளே, கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்தறான்"னு சிரிச்சாங்க. பெரியம்மாவும் கூடச் சேந்து சிரிச்சு வெச்சாங்க. வேற என்ன பண்ணறது.

கவுன்சிலரம்மா வந்து மூணு பேரையும் உள்ள கூப்பிட்டாங்க. மூணாவது ஆளு பெரியப்பா. பூட்டு ரிப்பேர் பண்றவர், சாவி போடறவர். பேச மாட்டார். அன்னிக்கு கடைய மூடிட்டு கூட வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தா பாக்கெட்டுல இருக்கற பழைய சாவிய எடுத்து உருட்டிகிட்டே இருப்பார்.

டாக்டர் பிஸ்கட் சாப்பிட்டுகிட்டிருந்தார். விரல்ல ஒட்டின தூள பட்டாணியோட ஃபைல் அட்டையிலயே தேய்ச்சுத் தொடச்சார். பெரியம்மா அதைப் பாத்தாங்க. அந்த அட்டைக்குள்ள இருக்கறது ஒரு புள்ளையோட உசிரு, இவருக்கு அது கை துடைக்கற துணி.

மறுபடி அதே கேள்விங்க. குடுக்கறீங்களா, குடுக்கறேன். காலைல? ஆமா. ராத்திரி? ஆமா. மறந்தது உண்டா? இல்ல. ஊருக்குப் போனா? எடுத்துட்டுப் போவேன். கவுன்சிலரம்மா ஒவ்வொண்ணுக்கும் டிக் போட்டாங்க. இது மூணாவது தடவ. மூணு தடவையும் ஒரே கேள்வி, ஒரே பதில். சுவத்துல ஒரு படம் மாட்டியிருந்தாங்க, அப்பா அம்மா குழந்தை மூணு பேரும் பல்ல காட்டி சிரிக்கற படம். பெரியம்மாவுக்கு அந்தப் படத்த கிழிச்சுப் போடணும் போல இருந்துது.

டாக்டர் கடிகாரத்தப் பாத்தார். "மருந்து வேளைதானே இது? என் கண்ணு முன்னாடி குடுங்க, பாக்கலாம்."

மாட்டிவிட்டுட்டோம்னு அவருக்கு நெனப்பு. பெரியம்மா பைக்குள்ள கைய விட்டாங்க. தண்ணி பாட்டில், சின்ன டம்ளர், ஸ்பூன். அப்புறம் முந்தானை முடிச்ச அவிழ்த்து, மடிச்சு வெச்சிருந்த ஒரு காகிதப் பொட்டலம். பஸ்ஸுல நுணுக்க முடியாதுன்னு விடியறதுக்கு முன்னாடியே தயார் பண்ணிக் கொண்டு வந்திருந்தாங்க.

"என்ன இது?"ன்னார் டாக்டர்.

"மருந்துங்க."

"மாத்திரை எங்க?"

"இதான் சார் மாத்திரை. நுணுக்கி வெச்சிருக்கேன்."

கவுன்சிலரம்மா கையில இருந்த பேனா கீழ விழுந்துது. எடுக்கல. அந்த மஞ்சப் பொடியையே பாத்துகிட்டு நின்னாங்க. "எப்பவும் இப்படித்தான் குடுப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னாங்க பெரியம்மா. "மொதல்ல இருந்தே?" மொதல்ல இருந்தே.

அந்த மாத்திரைய நுணுக்கவே கூடாதாம். முழுசாத்தான் முழுங்கணுமாம். நுணுக்கினா பாதி மருந்து உடம்புல சேராம வீணாப் போயிடுமாம். மிச்சப் பாதிக்கு கிருமி சாகாது, அந்த மருந்துக்குப் பழகிக்கும். கவுன்சிலரம்மா மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து சொன்னாங்க. சொல்லச் சொல்ல பெரியம்மா தன் கையப் பாத்தாங்க. அந்த டம்ளர அழுத்தித் தேய்ச்ச அதே கை. வருஷக்கணக்கா விடிகாலைல எழுந்து இந்தக் கையால இதையா பண்ணேன்னு அந்தக் கைய மடியில இருந்து தள்ளி வெச்சுகிட்டாங்க, வேற யாரோட கையோ மாதிரி.

டாக்டருக்கு முகம் மலர்ந்துடுச்சு. அதுதான் பாக்கறதுக்கே அசிங்கமா இருந்துது. "பாத்தீங்களா? தப்பு அவங்க மேலதான்"னார்.

கவுன்சிலரம்மாவுக்கு வந்துதே கோவம். "நுணுக்கக்கூடாதுன்னு அவங்களுக்கு யாரு சார் சொன்னா? மாத்திரை மாத்தின அன்னிக்கு நீங்க சொன்னீங்களா? மருந்து எடுத்துக் குடுத்தவங்க சொன்னாங்களா? நானும் மூணு தடவ உக்காந்து கேட்டேன், குடுக்கறீங்களான்னுதான் கேட்டேன். எப்படி குடுக்கறீங்கன்னு என் வாயில வரல. இத்தனூண்டு புள்ள, இவ்வளவு பெரிய மாத்திரைய எப்படி முழுங்கறான்னு நம்ம யாருக்கும் தோணல."

அவங்க ரெண்டு பேரும் மாறி மாறிப் பேசிகிட்டிருக்கும்போது, பட்டாணி மேஜை ஓரத்துல எக்கி நின்னு, பொட்டலத்த பிரிச்சு, தூள ஸ்பூன் கொள்ற வரைக்கும் கொட்டி, தானே தண்ணி விட்டுக் கலக்கி, மூக்கப் புடிச்சுகிட்டு குடிச்சா. வேளையாச்சு இல்லையா. முகம் கோணிப் போச்சு, தோளெல்லாம் உதறிச்சு. யாரும் கவனிக்கல. பெரியப்பா மட்டும் பாத்துட்டு சாவிய உருட்டறத நிறுத்தினார்.

கவுன்சிலரம்மா வேகமா வெளிய போனாங்க, மருந்து குடுக்கற எடத்துல கேட்டுட்டு வர்றேன்னு. அவங்க போனதும் டாக்டரோட குரலே மாறிடுச்சு. அது வரைக்கும் "இந்தம்மா". இப்ப "அம்மா, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா."

அவர் சொன்னத சுருக்கமா சொல்றேன். கமிட்டிக்கு எழுதணும். நுணுக்கிக் குடுத்தாங்க, இங்க யாரும் சொல்லலன்னு எழுதினா மேல இருந்து கேள்வி வரும், விசாரணை வரும், முழு மாத்திரைய கொஞ்ச நாள் குடுத்துப் பாத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க, மருந்து எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதுவே, வீட்டுல ஒழுங்கா குடுக்கல, இப்ப புத்தி சொல்லித் திருத்திட்டோம்னு எழுதினா சீக்கிரம் முடியும். கமிட்டிக்கு அது பழகின காரணம், படிச்சதும் சரின்னுடுவாங்க. பெரியம்மா ஒரு கையெழுத்து போட்டாப் போதும். விடுதிப் பேச்சையும் இப்போதைக்கு எடுக்க மாட்டாராம்.

இப்போதைக்கு. பெரியம்மாவுக்கு அந்த வார்த்தை உறுத்திச்சு. நான் புள்ளைக்கு மருந்து குடுக்கலன்னு என் கையாலயே எழுதிக் குடுத்தா, நாளைக்கு விடுதிக்கு அனுப்பறதுக்கு அதுவே போதுமே.

பெரியப்பா அன்னிக்கு மொத தடவையா வாயத் தொறந்தார். "கையெழுத்து போட்டுத் தொலை. நம்ம பேரு கெட்டா கெட்டுப் போகட்டும். புள்ள பொழைக்கணும்."

அவர் சொல்றதுலயும் தப்பில்ல. பெரியம்மாவுக்கும் தெரியும். பேனாவ எடுத்துட்டாங்க. டாக்டர் ஏற்கெனவே எழுதி வெச்சிருந்த காகிதத்த நகத்தால தள்ளி விட்டார்.

பட்டாணி எட்டிப் பாத்தா. அவ நல்லா படிப்பா. பஸ்ஸுல போனா கடை போர்டு ஒண்ணு விடாம படிச்சுகிட்டே வருவா. அதே மாதிரி சத்தமா, எழுத்துக் கூட்டாம படிச்சா.

"குழந்தைக்கு மருந்து தொடர்ந்து கொடுக்கப்படவில்லை."

படிச்சுட்டு நிமிந்து பெரியம்மாவப் பாத்தா. "இது எந்தக் குழந்தை பெரியம்மா?"

பெரியம்மா கையில இருந்த பேனா காகிதத்துக்கு மேலயே நின்னுது.

"நானா? நான் குடிச்சேனே. வாந்தி வந்தாகூட திரும்ப குடிச்சேனே."

"பாப்பா, நீ வெளிய போய் உக்காரு"ன்னார் டாக்டர்.

அவ போகல.  அவ வயசுப் புள்ளைங்க ஓட்டப் பந்தயத்துல ஜெயிக்கும், படம் வரையும், பாட்டுப் பாடும். இவளுக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் கசப்ப குடிக்கறதுதான். அதையும் இல்லன்னு எழுதி வெச்சா எப்படி? பொட்டலத்துல மிச்சம் இருந்த தூள விரல்ல தொட்டு, அந்த விரல டாக்டர் பக்கம் நீட்டினா. "நீங்க கொஞ்சம் நக்கிப் பாருங்க. அப்புறம் எழுதுங்க."

டாக்டர் படக்குன்னு நாற்காலியோட பின்னால நகந்தார். கையெல்லாம் உள்ள இழுத்துகிட்டார். ஒரு நொடிதான், உடனே சமாளிச்சு சிரிச்சார். ஆனா பெரியம்மா பாத்துட்டாங்க. மருந்துக்காக அவர் நகரல. அந்த விரலுக்காக நகந்தார். இந்த நோய் தொட்டா ஒட்டாதுன்னு இவங்களுக்கே படம் போட்டுப் பாடம் நடத்தினவர், இத்தன வருஷமா இந்தப் புள்ளைக்கு வைத்தியம் பாக்கறவர்.  இவரோட காகிதத்துல கையெழுத்து போடறதுக்கும், வெளிய இருக்கற மஞ்சப் பைக்குள்ள கைய விடறதுக்கும் வித்தியாசம் இல்லன்னு தோணிச்சு.

பேனாவ வெச்சுட்டாங்க. பட்டாணியோட விரல தன் முந்தானையால தொடச்சாங்க.

"நடந்தத எழுதுங்க. ஒரு வேளை விடாம குடுத்தோம். நுணுக்கிக் குடுத்தோம். நுணுக்கக்கூடாதுன்னு இங்க ஒருத்தரும் சொல்லல. புள்ள அத்தனையும் குடிச்சா. அப்படி எழுதுங்க, நான் கையெழுத்து போடறேன்."

"லேட் ஆச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது"ன்னார் டாக்டர்.

திரும்பி வந்த கவுன்சிலரம்மா விஷயத்தக் கேட்டுட்டு, உக்காந்து தன் கையாலயே எல்லாத்தையும் எழுதினாங்க, நானும் கேக்கலன்னு சேத்து. டாக்டர் பல்ல கடிச்சுகிட்டு அதுல கையெழுத்து போட்டார். வேற வழி இல்ல, தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சே காத தீட்டிகிட்டு இருந்துது.

இது நடந்து கொஞ்ச நாள் ஆச்சு. இப்ப பட்டாணி மாத்திரைய முழுசா முழுங்கக் கத்துக்கிட்டிருக்கா. மொதல்ல சோத்துப் பருக்கை, அப்புறம் சின்ன உருண்டை, அப்புறம் கொஞ்சம் பெருசு. நாலு தடவைல ஒரு தடவ தொண்டையில மாட்டும், இருமி இருமித் தள்ளிடுவா, திரும்ப போடுவா. ரத்த சோகைன்னு சொல்லி மறைக்கறதுக்கும் பொடி இல்ல, மாத்திரையப் பாத்து நாத்தனாருக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. அவங்க பட்டாணி சாப்பிடற தட்ட கரண்டியால தள்ளி தனியா வெச்சாங்க. பெரியம்மா அந்தத் தட்டுலயே சோறு போட்டுகிட்டு அவங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டாங்க. திரும்ப ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வரல. கமிட்டிகிட்ட இருந்தும் ஒண்ணும் வரல. பட்டாணிக்கு வாய்ப்புண்ணு இன்னும் ஆறல.

பெரியப்பா வீட்டுல சரியா பேசறது இல்ல. ஒரே ஒரு தடவ சொன்னார், "உன் ரோஷத்துக்கு புள்ளைய காக்க வெச்சுட்ட."  பெரியம்மாவும், கையெழுத்து போட்டிருந்தா இந்நேரம் மருந்து வந்திருக்குமோன்னு சோறு ஆக்கும்போதும் நெனைக்கறாங்க, துணி துவைக்கும்போதும் நெனைக்கறாங்க.

அதனால படிச்சவங்க சும்மா போயிடாதீங்க. பெரியம்மா இடத்துல நீங்க உக்காந்திருந்தா, புள்ள பக்கத்துல நின்னு பாத்துகிட்டிருக்க, அந்தப் பொய்யில கையெழுத்து போட்டிருப்பீங்களா, மாட்டீங்களா? ஆஸ்பத்திரில, மருந்துக்கடைல வேலை பாக்கறவங்க இருந்தா நீங்களும் சொல்லுங்க. பாவம், ஐயோன்னு எழுத வேணாம். போட்டிருப்பேன், போட்டிருக்க மாட்டேன், ஏன்னு மட்டும் கீழ எழுதுங்க.